வரி வராத வருமானத்தைக் குறைத்துக் காட்டிய மூன்று வருடங்கள்

2023 ஆகஸ்டில் கணினி எம்பிராய்டரி மெஷின் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். ஐந்து லட்சம் தேவைப்பட்டது. தையல் கடை ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது, மூன்று பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள், ஒரு தவணைகூடத் தவறியதில்லை, அதனால் கடன் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். மேலாளர் என் மூன்று வருட ஐடி ரிட்டர்னைப் புரட்டிப் பார்த்தார்.

"மாசம் பத்தாயிரம்தான் வருமானம்னு காட்டியிருக்கீங்கம்மா. நீங்க கேக்குற கடனுக்குத் தவணையே அதைவிட ஜாஸ்தி வருமே, எப்படிக் கட்டுவீங்க?"

1,08,000, 1,14,000, 1,21,000. ரிட்டர்னில் இருந்த மூன்று வருட வருமானம் இதுதான். உண்மையில் எனக்கு அந்த மூன்று வருடங்களிலும் மூன்றிலிருந்து நான்கு லட்சத்துக்குள் மிச்சம் வந்தது, கடைசி வருடம் 3,90,000. ரிட்டர்ன் போட்டுத் தந்தவர் "எட்டு சதவீதம் போட்டாச்சு, வரி ஒண்ணும் வராது" என்று சொன்னார். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். வரி வராது என்ற சொல் காதில் விழுந்ததும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அன்று இரவு முதல் முறையாகச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று நானே படித்தேன். அப்போது தெரிந்த விஷயம் இன்னும் என் மனதை உறுத்துகிறது. 2019-20 நிதியாண்டு முதலே வரிக்குரிய வருமானம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவின்படி 12,500 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. அதாவது 3,90,000 என்று உண்மையைக் காட்டியிருந்தாலும் நான் கட்டவேண்டிய வரி பூஜ்யம். இல்லாத வரிக்குப் பயந்து என் வருமானத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருந்தேன்.

அந்த எட்டு சதவீதம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிறு கடை வைத்திருக்கும் பலருக்கும் இது பாதிதான் தெரிகிறது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்று ஒரு பிரிவு இருக்கிறது. வருட விற்றுமுதல் இரண்டு கோடிக்குள் இருக்கும் தனிநபர், இந்துக் கூட்டுக் குடும்பம், பங்குதாரர் நிறுவனம் (எல்எல்பி சேராது) ஆகியோர் முழுக் கணக்குப் புத்தகம் எழுதாமல், விற்றுமுதலில் ஒரு சதவீதத்தை லாபம் என்று காட்டலாம். ரொக்கமாக வந்த தொகைக்கு 8 சதவீதம், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்ததற்கு 6 சதவீதம். ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இரண்டு கோடி என்ற உச்சவரம்பு மூன்று கோடியாக உயரும். கமிஷன், தரகு வருமானத்துக்கு இந்தப் பிரிவு கிடையாது.

இதில் பலர் தவறவிடும் வாசகம் ஒன்று: எட்டு சதவீதம், "அல்லது அதைவிட அதிகமாக ஈட்டியிருந்தால் அந்தத் தொகை" என்ற பொருளில்தான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. எட்டு என்பது தரைமட்டம். அதற்கு மேல் சம்பாதித்தவர் மேலே உள்ளதைத்தான் காட்டவேண்டும்.

2025-26 கணக்கை இந்த ஏப்ரலில் நானே உட்கார்ந்து போட்டேன். மொத்த வரவு 18,60,000. அதில் யுபிஐ, வங்கி வழியாக 13,20,000, ரொக்கம் 5,40,000. சதவீதப்படி பார்த்தால் 79,200-ம் 43,200-ம் சேர்ந்து 1,22,400. பழைய ஆளாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். இப்போது நோட்டைப் பார்த்தேன். கடை வாடகை 1,44,000. மூன்று பேருக்குக் கூலி 6,90,000. நூல், லைனிங், ஃபால்ஸ், துணி எல்லாம் 4,30,000. கரண்ட், ஆட்டோ, மெஷின் சர்வீஸ், இதர செலவு 86,000. மொத்தச் செலவு 13,50,000. மிச்சம் 5,10,000. ரிட்டர்னில் போகப்போவது இந்த 5,10,000-தான்.

வரி எவ்வளவு? இப்போது பழையது, புதியது என்று இரண்டு வரி முறைகள் உண்டு. நான் இருக்கும் புதிய முறையில் முதல் நான்கு லட்சத்துக்கு வரி இல்லை, மீதி 1,10,000-க்கு 5 சதவீதம், 5,500 ரூபாய். ஆனால் 2025-26-க்கு 87ஏ தள்ளுபடி 60,000 ரூபாய் வரை, வருமானம் பன்னிரண்டு லட்சம் வரை. ஆகவே அந்த 5,500-ம் கழிந்து பூஜ்யம்.

கூலி, வாடகை எல்லாம் கழித்தேனே, அப்படியானால் 44ஏடி-யில் செலவுகளைக் கழிக்கலாமா என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. சதவீதம் போட்டு வரும் லாபத்திலிருந்து மறுபடி வாடகையையோ கூலியையோ தேய்மானத்தையோ கழிக்க முடியாது. அவை எல்லாம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. நான் நோட்டைப் பார்த்தது என் உண்மையான லாபம் எட்டு சதவீதத்துக்கு மேலா கீழா என்று தெரிந்துகொள்ள. மேலே என்பதால் அந்தத் தொகையைக் காட்டுகிறேன்.

வீட்டுச் செலவுக்கு நான் எடுத்த பணம் எதுவும் மேலே இல்லை, கவனித்திருப்பீர்கள். ரொம்ப வருடம் அதையும் கடைச் செலவில் எழுதிவந்தேன். கல்லாவிலிருந்து எடுத்துப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டினால் அது என் வருமானத்திலிருந்து நான் செய்யும் செலவு. கடையின் செலவு ஆகாது. இதற்காகவே கடைக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தேன். க்யூஆர் அட்டையும் அந்தக் கணக்கோடுதான் இணைந்திருக்கிறது. அண்ணன் கைமாற்றாக அனுப்பும் பணமும் பிளவுஸ் தைத்த கூலியும் ஒரே பாஸ்புக்கில் கலந்து கிடந்தால், பின்னால் எது வருமானம் எது கடன் என்று பிரித்துச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

லாபம் ஆறு சதவீதத்துக்கும் கீழே இருக்கும் தொழில்களும் உண்டு. நான் துணி எடுக்கும் மொத்த வியாபாரி அண்ணன் ஒருவர் போன மாதம் இதே கவலையோடு பேசினார். விற்றுமுதல் 1,60,00,000, முழுக்க வங்கி வழி. கையில் நிற்பது மூன்று சதவீதம், 4,80,000. 44ஏடி-படி காட்டினால் 9,60,000 என்று வரும். "சம்பாதிக்காத பணத்துக்கு எதுக்கும்மா நான் கணக்குக் காட்டணும்?" என்றார். அவர் போன வருடங்களில் 44ஏடி-யில் காட்டியவர். இப்போது விலகினால் புத்தகம் எழுதி, ஆடிட்டரை வைத்துத் தணிக்கை செய்யவேண்டும். அதோடு அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 44ஏடி பக்கமே வர முடியாது. வேறு வருமானம் எதுவும் அவருக்கு இல்லை. 9,60,000 காட்டினாலும் பன்னிரண்டு லட்சத்துக்குள்தான் இருக்கிறார், வரி பூஜ்யம். தணிக்கைக் கட்டணமும் மிச்சமாகும். கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும்தான் அவர் முகம் தெளிந்தது. வாடகை வருமானமோ வேறு ஏதாவதோ இருந்து மொத்தம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

இனி என் கணவரின் கதை. இதுவும் அதே தவறின் இன்னொரு முகம்.

2018 மார்ச்சில் அவருக்குத் தெரிந்த ஒருவர் ஒரு காப்பீட்டுத் திட்டத்தோடு வீட்டுக்கு வந்தார். வருடம் 50,000 ரூபாய் பிரீமியம், "80சி-ல அப்படியே கழிஞ்சிடும் சார்". மார்ச் இருபதாம் தேதிக்கு மேல் யாருக்குத்தான் யோசிக்க நேரம் இருக்கிறது? கட்டிவிட்டோம். 80சி என்பது சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்குக் கட்டிய பணத்தை வருமானத்திலிருந்து கழிக்க விடும் பிரிவு. அதன் உச்சவரம்பு 1,50,000. அதில் அவருடைய பிஎஃப் பிடித்தம் 43,200, இரண்டு பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸ் 62,000, ஏற்கெனவே இருந்த பாலிசி 36,800 என்று 1,42,000 நிரம்பியிருந்தது. காலி இடம் வெறும் 8,000. புதிதாகக் கட்டிய 50,000-ல் 8,000 மட்டுமே கழிவானது. அவர் அப்போது 20 சதவீத ஸ்லாபின் (வரி அடுக்கின்) தொடக்கத்தில் இருந்தார். மிச்சமான வரி, வரியின் மேல் போடும் செஸ்ஸோடு சேர்த்து, 1,648 ரூபாய்.

1,648 ரூபாயை மிச்சப்படுத்த 50,000 கட்டினோம். மூன்று வருடம் கட்டிவிட்டு முடியாமல் சரண்டர் செய்தபோது கட்டியதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிஎஃப் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யவேண்டியவர்கள் நாங்கள்.

(பள்ளிக் கட்டணத்தில் டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் 80சி-யில் வரும், அதுவும் இரண்டு பிள்ளைகளுக்கு. வேன் கட்டணம், புத்தகம், சீருடை வராது. எங்கள் ரசீதில் எல்லாம் ஒரே தொகையாக இருந்தது. பிரித்து எழுதித் தரச் சொல்லி வாங்கினோம்.)

இன்றைக்கு அந்த 80சி அவருக்குத் தேவையே இல்லை. 2025-26-ல் அவர் சம்பளம் 12,60,000. புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000. மீதி 11,85,000. சேமிப்புக் கணக்கு வட்டி 9,400 சேர்த்தால் 11,94,400. பன்னிரண்டு லட்சத்துக்கு 5,600 ரூபாய் தள்ளி நிற்கிறார். வரி பூஜ்யம். இந்தப் புதிய முறை 2020 பட்ஜெட்டில் வந்தது, 2023-24 முதல் நாம் எதுவும் சொல்லாவிட்டால் இதில்தான் நம் கணக்கு விழும். 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி, வாடகைப்படி விலக்கு, குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டி எதையும் இதில் கழிக்க முடியாது.

கொஞ்சம் தாண்டிவிட்டால் அறுபதாயிரம் கட்டவேண்டுமா என்று அவர் பதறினார். அப்படி இல்லை. வருமானம் 12,10,000 ஆனால் ஸ்லாப்படி 61,500 வரி வரும், ஆனால் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் சம்பாதித்த அந்தப் பத்தாயிரத்தைவிட அதிகமாக வரி கேட்கக்கூடாது என்று விளிம்பு நிவாரணம் இருக்கிறது. 10,000-ம் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் கட்டினால் போதும்.

அவருடைய அலுவலக நண்பருக்குப் பழைய முறையே லாபமாக இருக்கலாம். சம்பளம் 15 லட்சம். புதிய முறையில் 75,000 போக 14,25,000. வரி 93,750, செஸ்ஸோடு 97,500. பழைய முறையில் இதே வரி வரவேண்டுமானால் வரிக்குரிய வருமானம் 9,06,250-க்கு இறங்கவேண்டும். அதாவது மொத்தக் கழிவு 5,93,750 தேவை. பழைய முறையின் நிலையான கழிவு 50,000, 80சி 1,50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 80டி-யில் 25,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000 என்று வைத்தாலும் 4,25,000-தான். தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் கூடுதல் 50,000 சேர்த்தால் 4,75,000. இன்னும் 1,18,750 வேண்டும். அவர் சென்னையில் வாடகைக்கு இருக்கிறார், ஊரில் கடனில் கட்டிய வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள். வாடகைப்படி விலக்கு அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. அப்படி உண்மையாகவே வாடகை கட்டுபவர், கடன் கட்டுபவர் பழைய முறைக்குப் போகட்டும். கழிவுக்காகவே புதிதாக ஒரு பாலிசி வாங்கிப் பழைய முறைக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகை வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் கேட்பார்கள், அதையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளக்காரர் ஒவ்வொரு வருடமும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். என்னைப் போல் தொழில் செய்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பழைய முறைக்குப் போகவேண்டுமானால் 10-ஐஇஏ என்ற படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யவேண்டும். அப்புறம் புதிய முறைக்கு ஒருமுறை திரும்பி வந்துவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது.

வீட்டில் மூன்றாவது ஆள் மாமா. வயது 76. ஓய்வூதியம் 5,40,000, அதில் நிலையான கழிவு 75,000 போக 4,65,000. வைப்புநிதி வட்டி 1,20,000. மொத்தம் 5,85,000. "பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு டிவியில சொன்னாங்களேம்மா, எனக்கு என்ன கவலை" என்று நிம்மதியாக இருந்தார். ஆனால் பேத்தி படிப்புக்காகப் பங்குச்சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டிலிருந்து பணம் எடுத்திருந்தார். வாங்கிப் பல வருடம் ஆனது, லாபம் 1,90,000. இந்த நீண்டகால மூலதன லாபத்தில் முதல் 1,25,000-க்கு வரி இல்லை, மீதி 65,000-க்கு 12.5 சதவீதம், 8,125. செஸ்ஸோடு 8,450. பன்னிரண்டு லட்சம் வரைக்குமான அந்தத் தள்ளுபடி இந்த மாதிரித் தனி விகித வருமானங்களுக்குக் கிடையாது. மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்து எடுத்திருந்தால் ஒரு ரூபாய்கூட வரி வந்திருக்காது. முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாமே மாமா என்றேன். "உனக்கு எதுக்கும்மா தொந்தரவுன்னு விட்டுட்டேன்" என்றார். இனி ஃபண்டைத் தொடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனநிறைவு தந்தது நாத்தனார் மகளின் விஷயம். வீட்டு உள் அலங்கார வேலை செய்கிறாள், தனியாக. 2024-25-ல் நிறுவனங்களிடமிருந்து அவளுக்கு வரவேண்டிய கட்டணம் 9,00,000. அதில் பத்து சதவீதத்தை டிடிஎஸ் என்று, அதாவது முன்கூட்டியே வரியாக, பிடித்துக்கொண்டுதான் தந்தார்கள். அந்த 90,000 போனது போனதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். போன டிசம்பரில் அவள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித்துறைப் பட்டியலான 26ஏஎஸ்-ஐத் திறந்து பார்த்தோம், 90,000-ம் அவள் பான் எண்ணில் பத்திரமாக இருந்தது. உள் அலங்காரம் 44ஏடிஏ-யில் வரும் தொழில். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டிடக் கலைஞர் போன்றோருக்கான பிரிவு அது. வருட வரவு 50 லட்சம் வரை, பாதியை வருமானமாகக் காட்டலாம். இங்கேயும் உண்மையில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் அதைத்தான் காட்டவேண்டும். அவளுக்குப் பயணம், வரைபடம் போட்டுத் தரும் பையனின் சம்பளம், லேப்டாப் எல்லாம் போகப் பாதிதான் நின்றது. வருமானம் 4,50,000. அந்த வருடம் புதிய முறையில் தள்ளுபடி ஏழு லட்சம் வரை. வரி பூஜ்யம். கெடு தாண்டிவிட்டதால் தாமதக் கட்டணம் 1,000 (வருமானம் ஐந்து லட்சத்துக்கு மேல் என்றால் 5,000), டிசம்பர் 31-க்குள் போட்டாகவேண்டும் என்பதால் அன்று இரவே உட்கார்ந்து முடித்தோம். முப்பது நாளுக்குள் செய்யவேண்டிய சரிபார்ப்பையும் ஆதார் ஓடிபி வழியாக அப்போதே செய்தாயிற்று. அந்த 1,000 போக மீதி முழுவதும் அவள் கணக்குக்குத் திரும்பி வந்தது.

எங்கள் நான்கு பேருக்கும் இப்போது ஒரே பழக்கம். ஏப்ரலில் கணக்குப் போட்டு வைக்கிறேன், ஆனால் ரிட்டர்னை ஜூனுக்கு முன் அனுப்புவதில்லை. கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் விவரத்தைத் தாக்கல் செய்ய நிறுவனங்களுக்கு மே 31 வரை நேரம் இருக்கிறது. அது ஏறிய பிறகு 26ஏஎஸ்-ஐயும், வட்டி போன்ற வரவுகளையும் துறை தொகுத்துக் காட்டும் ஏஐஎஸ்-ஐயும் என் நோட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறேன். கணவரின் அந்த 9,400 வட்டி போன்றவை அங்கேதான் கண்ணில் படும்.

நான் சொன்ன பிரிவு எண்களெல்லாம் 2025-26 வரைக்கும் உள்ள கணக்குக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்திருக்கிறது. எண்கள் மாறுகின்றன; முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று இரண்டு பெயர் சொல்லிக் குழப்பியதெல்லாம் போய், வரி ஆண்டு என்று ஒரே பெயர். எனக்கு அது பெரிய நிம்மதி.

2023-24 முதல் உண்மையான வருமானத்தைக் காட்டிவருகிறேன். இந்த ரிட்டர்னோடு மூன்று வருடம் நிறைகிறது. ஜூனில் போட்டுவிட்டு, மூன்று நகலையும் எடுத்துக்கொண்டு அதே வங்கிக்குப் போகப்போகிறேன். மெஷினுக்குப் புதிய விலைப்பட்டியல் வாங்கியாயிற்று. அது வந்தால் வரவு இருபது லட்சத்தைத் தாண்டும், சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு அங்கேதான் தொடங்குகிறது. அதற்கான நோட்டை நேற்றுதான் வாங்கி வைத்தேன்.